மூன்று நிமிடத்துக்கு அப்பால்: ராமநாதபுரத்துச் சங்கீதமும் கச்சேரி நாடாக்களும்

கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகள் சரளி, அலங்காரம், கீதம் எல்லாம் தாண்டி வர்ணத்துக்கு வந்ததும் பாடம் பண்ணுகிற முதல் சில உருப்படிகளில் மோகன ராகத்து 'நின்னுகோரி' கட்டாயம் இருக்கும். அதை இயற்றியவர் ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார். பூச்சி ஐயங்கார் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1860இல் பிறந்து 1919இல் மறைந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர். இன்றைய கச்சேரிக்கு உருவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு. அவருடைய வர்ணங்களும் கீர்த்தனைகளும் புழக்கத்தில் இருக்கின்றன, சிஷ்ய பரம்பரையும் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு மாலை முழுக்கச் சபையில் அமர்ந்து பாடிய பாட்டு எப்படி எழுந்து, எங்கே தங்கி, எப்படி இறங்கியது என்பது நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் காலத்திலேயே இசைத்தட்டு வந்துவிட்டது. கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. மைக் இல்லாத காலம் அது. பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பாடுவார். அந்தக் குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் ஏறும், மற்றது உதிர்ந்துவிடும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் ஓட்டமாகச் சொல்லி, இடம் மிஞ்சினால் இரண்டு ஆவர்த்தம் ஸ்வரம் போட்டு முடிக்க வேண்டும். நிரவல் கிடையாது, தனி கிடையாது, ராகம் தானம் பல்லவி பற்றிப் பேச்சே இல்லை.

ராமநாதபுரத்தை உள்ளடக்கிய சேதுச் சீமையின் சங்கீதம் வளர்ந்த இடமோ நேரத்துக்குப் பஞ்சமில்லாத இடம். ராமநாதபுரம் அரண்மனையில் ராஜராஜேஸ்வரி அம்மன் சந்நிதியில் நவராத்திரி ஒன்பது இரவுகள் நடக்கும். ராமேஸ்வரம் கோயிலில் மாசி சிவராத்திரி, ஆடித் திருக்கல்யாணம் என்று சுவாமி புறப்பாடுகள் வரிசையாக வரும். பிரகாரம் சுற்றி முடிவதற்குள் நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை முழுதாக விரித்துவிடலாம். அப்படிப்பட்ட கலையை மூன்று நிமிடத் தட்டை வைத்து மதிப்பிட்டால் கலைஞருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். கடந்த எழுபது ஆண்டு சங்கீத வரலாற்றுக்கு முதல் சான்று கம்பெனிகள் வெளியிட்ட தட்டுகள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் கருத்தில் அந்த இடம் கச்சேரி நடக்கும்போதே எடுத்த நாடாக்களுக்கு உரியது. அவற்றில் பெரும்பகுதியை எடுத்தவர்கள் ரசிகர்கள். ராமநாதபுரம் என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிய கலைஞர்களை வைத்தே இதைக் காட்டலாம்.

காந்த நாடா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. ஐம்பதுகளின் முடிவிலும் அறுபதுகளிலும் வசதியுள்ள தமிழ் வீடுகளில் க்ருண்டிக், பிலிப்ஸ் பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றில் 1,200 அடி நாடா சுற்றியிருக்கும். நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடவிட்டால் அரைமணிக்குச் சற்று மேல் வரும். மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், ஆனால் நாதத்தின் மேல்முனை மழுங்கும். நாடா விலை அதிகம் என்பதால் ரசிகர்கள் பெரும்பாலும் மெதுவான வேகத்தையே வைத்தார்கள். இன்று நாம் கேட்கும் பல கச்சேரிகளில் தம்புராவின் ஜீவா மங்கியிருப்பதற்கு இதுவும் காரணம். கல்பனாஸ்வரம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் ஸ்பூல் தீர்ந்து, அடுத்ததை மாட்டுவதற்குள் கோர்வை முடிந்திருக்கும். கேட்கிறவருக்குத் தவிப்பாக இருக்கும். ஆனாலும் அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள பாட்டு வேறு எங்கும் கிடைக்காது.

வானொலியும் தன் பங்கைச் செய்தது. சென்னை நிலையம் 1938இல் தொடங்கியது, திருச்சி நிலையம் 1939இல். 1954 முதல் ஆகாசவாணி நடத்திய சங்கீத சம்மேளனத்தில் ஆட்களை அழைத்து உட்காரவைத்துக் கச்சேரி நடத்திப் பதிவு செய்தார்கள். எதிரில் ரசிகர் இருந்தால் பாட்டு மாறும் என்பதை நிலையத்தார் அறிந்திருந்தார்கள். ஆயினும் ஒலிபரப்பான பிறகு நாடாவை அழித்து அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது வானொலி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. பி.பி.சி.யே அப்படித்தான் எத்தனையோ நிகழ்ச்சிகளை இழந்தது. அரசாங்கம் அழித்ததை வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிந்த யாரோ ஒரு ரசிகர் காப்பாற்றியிருக்கிறார் என்பது நம் சங்கீத வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்த கதை.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கும் இதே வழிதான் அமைந்தது. பருத்திக் காட்டிலும் சிறைக் கூலி வேலையிலும் பாடிய பாட்டுகளிலிருந்து கிளைத்த இசை அது. அதற்கும் முதலில் வாய்த்தது மூன்று நிமிடத் தட்டுதான். மேடைப் பதிவு பின்னால் வந்தது. மடி வாட்டர்ஸ் 1960 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் பாடியதை செஸ் கம்பெனி எல்.பி.யாக வெளியிட்டது. 1962இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் லிப்மன், ஃபிரிட்ஸ் ராவ் இருவரும் ப்ளூஸ் கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று ஊர் ஊராக விழா நடத்தினார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1969 ஆகஸ்ட் 1 முதல் 3 வரை மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய ப்ளூஸ் விழா. உட்ஸ்டாக்குக்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது. பி.பி. கிங், மடி வாட்டர்ஸ், ஹௌலின் வுல்ஃப், சன் ஹவுஸ், லைட்னின் ஹாப்கின்ஸ், பிக் மாமா தோர்ன்டன், ஆர்தர் க்ரூடப், மேஜிக் சாம் என்று இரண்டு மூன்று தலைமுறைக் கலைஞர்கள் ஒரே மைதானத்தில் பாடினார்கள். உட்ஸ்டாக்குக்குப் படமும் எல்.பி.யும் வந்தன. இந்த விழாவின் பாட்டில் பெரும்பகுதியோ அரை நூற்றாண்டு வெளிவரவில்லை. விழாவை முன்னின்று நடத்திய மாணவர்களில் ஒருவரின் சகோதரர் ஜிம் ஃபிஷல் கையில் எடுத்துச் செல்லும் சிறிய ரெக்கார்டர் ஒன்றில் அதைப் பதிந்து வீட்டில் வைத்திருந்தார். அவர் மகன் அந்த நாடாக்களை வெளியே கொண்டுவர, 2019இல் தர்ட் மேன் நிறுவனம் அவற்றை வெளியிட்டது. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் மேஜிக் சாம் விழா நடந்த அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, 32 வயதில் இறந்துபோனார். அந்தக் கோடையில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை அந்த நாடா சொல்கிறது. ரெக்கார்டர் வைத்திருந்த ஒரு ரசிகர் அங்கே இல்லையென்றால் அது காற்றோடு போயிருக்கும்.

ராமநாதபுரம் கிருஷ்ணனிடம் வரும்போது இந்தக் கதை இன்னும் நெருக்கமாகிறது. 1918இல் பிறந்து 1973இல், ஐம்பத்தைந்து வயதுகூட நிறையாமல் மறைந்தவர். அவர் குடும்பம் ராமநாதபுரத்தில் நிலைகொண்டு அந்த ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. சகோதரர் ராமநாதபுரம் ராகவன் மிருதங்கக் கலைஞர். கிருஷ்ணன் உரத்த குரல்காரர் அல்லர். கூட்டத்தைக் கட்டியிழுக்கும் வேகமும் அவரிடம் கிடையாது. வீணை தனம்மாள் வீட்டுப் பதங்களையும் ஜாவளிகளையும் டி. பிருந்தாவிடம் கற்றவர். அந்தப் பாணியின் இழையிழையான கமகங்கள் அவர் குரலில் இறங்கியிருந்தன. வித்வான்கள் தாங்களே போய் உட்கார்ந்து கேட்கிற வித்வான் என்று பேர் வாங்கினார். பெரிய சபாக்களின் முதல் வரிசைப் புகழ் அவர் வாழ்நாளில் முழுதாக வந்து சேரவில்லை. நம் ஊர்க் கம்பெனிகள் அவரைப் போதுமான அளவு பதிவு செய்யவில்லை என்பது என் தீராத குறை.

அறுபதுகளின் நடுவில் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அங்கே தென்னிந்திய சங்கீதப் படிப்பை உருவாக்கியவர் ராபர்ட் பிரௌன். கிருஷ்ணனின் 'வித்வான்' என்ற இரட்டை எல்.பி. 1968இல் நான்சச் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் வெளிவந்தது. வி. தியாகராஜன் வயலின், டி. ரங்கநாதன் மிருதங்கம், வி. நாகராஜன் கஞ்சிரா. அதே வரிசையில் வந்த இன்னொரு தட்டின் பெயர் 'கச்சேரி'. ப்ளூஸ் தட்டுகள் இருந்த அதே அமெரிக்கக் கடை அலமாரியில் சேதுச் சீமைப் பெயர் ஒன்று போய் உட்கார்ந்தது இப்படித்தான். மேலைநாட்டு இசை மாணவர்கள் பலருக்குக் கர்நாடக சங்கீதம் என்றால் முதலில் காதில் விழுந்த குரல் அவருடையது. ஒலித்தரத்தில் அந்தத் தட்டுகளுக்கு இன்றும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கிருஷ்ணனை அறிய வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் எடுத்த கச்சேரி நாடாக்களுக்குத்தான் வர வேண்டும். ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றி, ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும் கேசட்டிலிருந்து கணினிக்கும் வந்து சேர்ந்தவை அவை. பேகடையிலும் சஹானாவிலும் அவர் ஒரு பிடியைத் தொட்டுவிட்டு அடுத்த பிடிக்குப் போகாமல் நின்றுவிடுவார். வயலின் அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கும். யாரோ முன்வரிசையில் மெல்ல "ஆஹா" என்பார். அதன் பிறகுதான் அவர் அடுத்த இடத்துக்கு நகர்வார். அந்த ஆஹாகாரம் பாட்டின் அங்கம். அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் அவர் அங்கே ஏன் நின்றார் என்பதே புரியாது. ஸ்டூடியோவில் அவருக்கு எதிரில் சிவப்பு விளக்கும் கடிகாரமும் இருந்தன. சபாவில் காதுகள் இருந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிற எவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

மைக் இரைச்சல், குழந்தை அழுகை, கதவு சாத்தும் சத்தம், உருப்படிகளுக்கு நடுவே சுருதி சேர்க்கும் அரை நிமிடம், துண்டுச் சீட்டில் வந்த வேண்டுகோளைப் படித்துவிட்டு பக்கவாத்தியக்காரரிடம் பாடகர் முணுமுணுக்கும் தாளக் கணக்கு ஆகியவற்றை வெளியீட்டாளர்கள் குறையாகக் கருதி வெட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் இவை சான்றுகள். எந்த உருப்படிக்குப் பின் எது வந்தது, எங்கே கைதட்டல் எழுந்தது, தனி ஆவர்த்தனத்தின்போது எத்தனை பேர் எழுந்துபோனார்கள் என்பதெல்லாம் ஒரு காலத்தின் கேட்கும் பழக்கத்தைக் காட்டும் தடயங்கள். சுத்தம் செய்த பதிவை விற்பனைக்கு வைக்கட்டும். சுத்தம் செய்யாத மூலத்தைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

தனி ஆவர்த்தனம் என்றதும் ராமநாதபுரத்து இன்னொரு பெரியவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சி.எஸ். முருகபூபதி, 1914இல் பிறந்து 1998இல் மறைந்தவர். தந்தை சித்சபை சேர்வை. சகோதரர் சங்கரசிவம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடர், மதுரை டி.என். சேஷகோபாலனின் குரு. பாலக்காடு மணி ஐயர், பழநி சுப்பிரமணிய பிள்ளை, முருகபூபதி மூவரையும் மிருதங்கத்தின் மும்மூர்த்திகள் என்று சங்கீத உலகம் சொல்லும்.

பாடகரையாவது மூன்று நிமிடத் தட்டிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். மிருதங்கத்தை ஊகிக்கவே முடியாது. கூம்பு வழிப் பதிவில் தொப்பியின் ஆழ்ந்த நாதம் ஏறவே ஏறாது, வலந்தலையின் சாப்பு மட்டும் தொலைவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் விழும். 1920களின் பிற்பகுதியில் மின்சார மைக் வந்து ஒலி மேம்பட்டது, நேரம் கூடவில்லை. தட்டில் தனிக்கு இடமே கிடையாது. எல்.பி. வந்த பிறகும் இருபது நிமிடப் பக்கத்தில் பாட்டுக்கே முன்னுரிமை. நாடா வருவதற்கு முந்தைய மிருதங்கக் கலைஞர்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகள்தாம், ஒலி கிடையாது. முருகபூபதியின் தலைமுறைதான் முழுத் தனியோடு நமக்குக் கிடைத்த முதல் தலைமுறை. பாட்டை ஒட்டிப் பாடகரின் மூச்சோடு மூச்சாக வாசிப்பது, அனுபல்லவியில் சட்டென்று அடங்கி நின்று சரணத்தில் தொப்பியைத் திறந்துவிடுவது, கீர்த்தனையின் நடையிலிருந்தே தனியைத் தொடங்குவது ஆகிய மூன்றையும் கச்சேரி நாடா இல்லாமல் இன்றைய மாணவருக்கு எப்படிக் காட்ட முடியும்? அதனால் வாய்ப்பாட்டு வரலாற்றை விடவும் லய வரலாறு ரசிகர் நாடாக்களுக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

ராகவனின் கதை இதற்கு ஒரு கிளை. அண்ணனைப் போலவே வெஸ்லியனுக்குக் கற்பிக்கச் சென்ற அவர், 1978இல் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை விழாவைத் தொடங்கிய சிலரில் ஒருவர். சிறு கூட்டமாகத் தொடங்கி, இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய கர்நாடக இசை விழாவாக அது வளர்ந்தது. தொடக்கத்திலிருந்தே பதிவுக் கருவி கையில் இருந்த விழா என்பதால் அங்கே பாடியவர்களின் பாட்டுக்குத் தொடர்ச்சியான சான்று உண்டு. நம் கோயில் விழாக்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

அந்தக் குறையை எண்ணும்போது தனுஷ்கோடி நினைவுக்கு வருகிறது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. அதன்பின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடித் துறை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில். யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சியில் வடக்கே பிரிந்து போவார்கள். ஐம்பது ஆண்டுகள் தஞ்சைத் தரணிக்கும் யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கும் இடையே போய்வந்த நாகஸ்வர, தவில் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு இதுவே வழி. தவிலும் ஒத்தும் நாகஸ்வரப் பெட்டியும் சுங்கச் சாவடியில் திறந்து மூடப்பட்ட துறை தனுஷ்கோடி. யாழ்ப்பாணத்தில் சீசன் என்றால் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். பூங்காவனத் திருவிழா இரவில் இரண்டு மூன்று கூட்டங்களைச் சேர்த்துவைத்து மேளச்சமா நடத்துவார்கள். கேட்க வந்த சனம் விடியும் வரை கலையாது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல் அந்தத் துறையை அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்த பயணி ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் மூழ்கியது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம் எல்லாம் போயின. சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அரசு அந்த ஊரை வசிக்கத் தகாத இடம் என்று அறிவித்தது. கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, எண்பதுகளில் இலங்கைப் போரோடு நின்றது.

அந்த ஐம்பது ஆண்டுத் திருவிழா நாகஸ்வரத்தில் எவ்வளவு நாடாவில் ஏறியது என்று பார்த்தால் மனம் கனக்கும். காரணம் எளிது. சபாவில் கலைஞர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார், மைக் நின்ற இடத்தில் நிற்கும், மின்சாரம் இருக்கும். புறப்பாட்டில் கலைஞர் நடந்துகொண்டே வாசிப்பார். திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியத்தின் வீச்சை அந்தக் காலச் சிறு மைக்குகள் தாங்காது, தவில் ஒரு உருட்டுச் சொல் உருட்டினால் ஒலி கிழியும். ஸ்டூடியோவுக்குள் வந்தால் தவில் அடங்கித்தான் வாசிக்க வேண்டும். நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தை இன்று பலரும் அறிவது 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டு ஒன்றால். அவர் 1964 ஏப்ரலில் மறைந்தார். வாழ்நாளெல்லாம் கோயில் வாசல்களில் மணிக்கணக்கில் வாசித்தவர் அவர். சினிமாப் பாட்டு நல்ல பாட்டுதான். ஆனாலும் அது அவர் வாசித்ததில் எத்தனையில் ஒரு பங்கு? சாதியின் கணக்கையும் இதில் சொல்ல வேண்டும். ரெக்கார்டர் வாங்க வசதியிருந்த வீடுகள் பெரும்பாலும் சபாவுக்குப் போகிற வீடுகள். தெருவில் நின்று மேளம் கேட்டவர்கள் கையில் கருவி இல்லை. எது சேமிக்கப்பட்டது என்பதைக் கலையின் உயரம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

யாழ்ப்பாணம் இங்கே ஒரு பெரிய விலக்கு. இணுவிலில் 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை நாம் அறிவது பெரிதும் அங்கே ரசிகர்கள் எடுத்த நேரடிப் பதிவுகளால்தான். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாகஸ்வரத்தோடு அவர் வாசித்தவை அவற்றில் உண்டு. அங்கே தவிலைத் தனிக் கலையாகவே கேட்டார்கள், அதனால் தவிலுக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் பதிவுகளில் கூட்டத்தின் ஆரவாரம் ஒரு வாத்தியம்போல இருக்கிறது. மோரா முடிந்து சமத்தில் விழும்போது எழும் குரலைக் கேட்டால் கணக்குத் தெரிந்து காத்திருந்த கூட்டம் அது என்பது புரியும். போர்க்கால இடப்பெயர்வுகளில் வீடுகளோடு எத்தனையோ நாடாக்கள் அழிந்திருக்கும். தப்பியவை பெட்டிகளுக்குள் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போயின. அம்ஷன் குமார் தட்சிணாமூர்த்தியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. அந்தப் படத்துக்கு உயிரும் இத்தகைய பதிவுகளே.

இனி இவற்றின் இன்றைய நிலை. நாடா நிரந்தரம் என்று நினைப்பவர்கள் ஒரு பழைய ஸ்பூல் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அசிடேட் நாடா சிதையும்போது காடி வாசனை வரும். பிற்கால பாலியெஸ்டர் நாடாவில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓடவிட்டால் தலையில் ஒட்டும். சுற்றியபடியே பல ஆண்டுகள் கிடந்தால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் படிந்து, பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். ராமநாதபுரம், ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் பூஞ்சையும் சேர்ந்துகொள்கின்றன. ரெக்கார்டரின் இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் பெல்ட் கரைந்து ஒட்டும். நாடாவைவிட அதை ஓட்டும் கருவி முதலில் சாகிறது. உலக ஒலி ஆவணக் காப்பாளர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி 24 பிட் ஆழத்தில், முடிந்தால் 96 கிலோஹெர்ட்ஸில், சுருக்காத கோப்பாக மாற்ற வேண்டும். வீட்டுக் கணினியில் எம்.பி.3 ஆக மாற்றிவிட்டு ஸ்பூலைக் குப்பையில் போடுகிற வழக்கம் பெரிய நஷ்டம். அந்த மூலத்துக்கு மறுபடி திரும்ப வழியே இருக்காது.

சட்டம் இன்னொரு முடிச்சு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துகலைஞர் உரிமை சேர்ந்தது. 1999 திருத்தத்தின்படி அது நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு. அந்த உரிமை பாடகருக்கு மட்டும் உரியதன்று, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் உண்டு. நடைமுறையில் பழைய கச்சேரியை வெளியிடுகிறவர்கள் பாடகர் குடும்பத்திடம் பேசுவதோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். ஆன் ஆர்பரில் பாடிய ஆர்தர் க்ரூடப்பை இங்கே நினைக்க வேண்டும். எல்விஸ் பிரெஸ்லி 1954இல் பாடிப் புகழ்பெற்ற முதல் பாட்டை இயற்றியவர் அவர். அதற்குரிய பங்குக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி, உரிய பணம் கைக்கு வராமலேயே 1974இல் இறந்தார். பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் பாட்டுக்காரரை மறந்துவிடக் கூடாது. இங்கே பணம் பெரிதாகப் புரளவில்லை. ஆனால் பெயரும் கொடுக்காமல் விடுகிறோம். ரசிகர்கள் மாற்றிக்கொள்ளும் பதிவுகளில் பாடகர் பெயரும் ராகமும் இருக்கும். பக்கவாத்தியம் என்ற இடத்தில் ஒன்றுமே இருக்காது. வாசிப்பை வைத்து அது முருகபூபதியா பழநியா என்று ஊகித்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். நாடா வைத்திருக்கும் குடும்பங்கள் டிஜிட்டல் ஆக்குவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு, ஊர், சபா, ஆண்டு, பக்கவாத்தியக்காரர் பெயர்களைப் பெட்டி மேல் பேனாவால் எழுதிவைப்பது.

நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. சென்னை மியூசிக் அகாடமியில் டாக் நிறுவனத்தின் ஆதரவோடு அமைத்த டிஜிட்டல் கேட்பறையில் ஆயிரக்கணக்கான மணி நேரக் கச்சேரிகளைத் திரையைத் தொட்டுத் தேர்ந்து யாரும் கேட்கலாம். 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இருக்கும் இன இசையியல் ஆவணக் காப்பகம், வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் எடுத்துச் சென்ற பதிவுகளின் படிகளைத் திரட்டிவைத்திருக்கிறது. இரண்டும் அரிய வேலை. ராமநாதபுரத்துப் பள்ளி மாணவர் ஒருவர் இவற்றைக் கேட்க இரவு ரயில் பிடிக்க வேண்டும் என்பதுதான் குறை.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் இன்று மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். சுவர் முழுக்க சேதுபதி மன்னர்கள் காலத்து ஓவியங்கள், அரசவை வாழ்வின் காட்சிகள். பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒலி எதுவும் கிடைப்பதில்லை. பூச்சி ஐயங்காரின் வர்ணத்தை அவர் சீடப் பரம்பரை பாடியது, கிருஷ்ணனின் கச்சேரி ஒன்று வெட்டாமல் முழுதாக, முருகபூபதியின் தனி, கடல் தாண்டிப் போன நாகஸ்வர மரபுக்குச் சாட்சியாக யாழ்ப்பாணத்து மேளச்சமா ஒன்று என்று நான்கு பதிவுகளோடு தொடங்கலாம். ஒரு சிறிய அறை, ஒரு திரை, சில ஹெட்போன்கள், குடும்பங்களின் எழுத்துப்பூர்வ அனுமதி, பக்கவாத்தியக்காரர் பெயரும் அச்சிட்ட ஒரு பட்டியல் இருந்தால் போதும். பதிவுகள் ஏற்கனவே ரசிகர்களிடம் இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள்.